சர்க்யூட் படம் மட்டும் போட்டா போதாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரொம்ப சின்ன கரண்டை அளக்குற மீட்டரை வீட்லயே செய்யுறது எப்படின்னு நம்ம பேப்பர் அறிவியல் பக்கத்துல ஒரு கட்டுரை வந்துச்சு. இதெல்லாம் தமிழ்ல படிக்கக் கிடைக்குறதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா ஒரு ஆப்-ஆம்ப் (சின்ன சிக்னலைப் பெருசாக்குற ஐசி), ஒரு பெரிய ரெசிஸ்டர், ஒரு பேட்டரின்னு படம் போட்டு அதோட முடிச்சிட்டீங்க. அந்தப் படத்தைப் பாத்து ஒரு பையனோ பொண்ணோ ஆசையா போர்டுல சால்டர் வெச்சு ஆன் பண்ணா மீட்டர் சம்பந்தமே இல்லாத ஒரு நம்பர்ல போய் நிக்கும், கையைக் கிட்ட கொண்டுபோனாலே ஆடும், ஐசி போயிடுச்சுன்னு நினைச்சு தூக்கிப் போட்டுட்டு இனிமே எலக்ட்ரானிக்ஸ் பக்கமே வர மாட்டாங்க. படம் சரியாத்தான் இருக்கு, ஆனா இந்த வேலையில பாதி படத்துல வரைய முடியாத வேலை. அதையும் போடுங்கன்னு கேக்கத்தான் எழுதுறேன்.

எவ்ளோ சின்ன கரண்ட்னு முதல்ல சொல்லணும். 1 பிகோ ஆம்பியர்னா ஒரு ஆம்பியர்ல லட்சம் கோடியில ஒரு பங்கு. நொடிக்கு சுமார் 62 லட்சம் எலக்ட்ரான் போகுது, கேக்க பெருசா இருக்கும், ஆனா சாதாரண மல்டிமீட்டர்ல 200 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சோட கடைசி இலக்கம் அசையணும்னாலே லட்சம் பிகோ ஆம்பியர் வேணும்.

அதுக்காக எடுத்த உடனே ஐசி வாங்க ஓட வேண்டியதில்ல. நிறைய டிஜிட்டல் மல்டிமீட்டருக்கு டிசி வோல்ட் ரேஞ்ச்ல உள்ள ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம் (சிலதுல 1 மெகா ஓம்தான் இருக்கும், மேனுவல்ல பாத்துக்கணும்). அப்போ வோல்ட் ரேஞ்ச்ல வெச்சு சீரீஸ்ல போட்டா 1 நானோ ஆம்பியருக்கு (1,000 பிகோ) 10 மில்லிவோல்ட் காட்டும், 200 மில்லிவோல்ட் ரேஞ்ச்ல கடைசி இலக்கம் 10 பிகோ ஆம்பியர். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு 1என்4148 டயோடை ரிவர்ஸ்ல (கரண்ட் போகக் கூடாத திசையில) வெச்சு அதோட இந்த மீட்டர், அவ்ளோதான், டயோட் வழியா கசியுற லீக்கேஜ் கரண்ட் கண்ணுக்குத் தெரியும். அந்த டயோடுக்கு உடம்பு கண்ணாடி, அதனால டார்ச் அடிச்சா ரீடிங் ஏறும், மூடி வெச்சா இறங்கும். புதுசா ஆரம்பிக்குறவங்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியல, உங்க கட்டுரை இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்.

அதுக்கும் கீழ போகணும்னா ஆப்-ஆம்ப் வேணும். நீங்க போட்ட மாதிரியே ஃபீட்பேக்ல (அவுட்புட்டுக்கும் மைனஸ் இன்புட்டுக்கும் நடுவுல) 1 கிகா ஓம், அதாவது 1,000 மெகா ஓம் போட்டா 1 பிகோ ஆம்பியருக்கு 1 மில்லிவோல்ட் அவுட்புட். ஆனா எந்த ஐசின்னு நீங்க எழுதவே இல்ல, கையில இருக்குற 741-ஐ எடுத்துப் போடுவாங்க. அதோட இன்புட்டே சுமார் 80 நானோ ஆம்பியர் இழுக்கும், அதாவது 80,000 பிகோ ஆம்பியர், அதை வெச்சு 1 பிகோவை எங்க தேடுறது? எல்எம்சி662 மாதிரி சிமாஸ் ஐசி போடணும், அதோட இன்புட் கரண்ட் வழக்கமா 2 ஃபெம்டோ ஆம்பியர் அளவுதான், அதாவது ஒரு பிகோவுல 500-ல ஒரு பங்கு. ஆனா அது சுமார் 15 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும், ரெண்டு 9 வோல்ட் பேட்டரியை சேத்துப் போட்டா 18 ஆயிடும், ஐசி காலி. இதை கட்டாயம் கட்டம் கட்டிப் போடுங்க சார்.

இனிமேதான் முக்கியமான விஷயம். ஐசி எவ்ளோ நல்லதா இருந்தாலும் போர்டு லீக் ஆனா எல்லாம் வீண். கணக்கு போட்டுப் பாருங்க, இன்புட் காலுக்கும் பக்கத்துல 5 வோல்ட் இருக்குற ஒரு தடத்துக்கும் நடுவுல 100 கிகா ஓம் இருக்குன்னு வெச்சுக்குவோம், 100 கிகா ஓம்னா எல்லாரும் நல்ல இன்சுலேஷன்னுதான் சொல்வாங்க, ஆனா அது வழியாவே 50 பிகோ ஆம்பியர் போயிடும். நீங்க அளக்க நினைச்சதே 1 பிகோதான். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு, சால்டர் ஃப்ளக்ஸ் படிவு, காத்துல இருக்குற ஈரம் எல்லாம் சேந்தா இன்சுலேஷன் இன்னும் மோசமாகும். அதனால ஐசியோட 2-ம் நம்பர் கால், அதான் மைனஸ் இன்புட், அதை போர்டுல சொருகாம மேல மடக்கி, பெரிய ரெசிஸ்டரோட ஒரு முனையையும் இன்புட் வயரையும் அந்தரத்துலயே அதோட சேத்து சால்டர் பண்ணணும். தாங்க ஏதாவது வேணும்னா டெஃப்லான் துண்டு. ரெசிஸ்டரை உடம்புல பிடிக்கக் கூடாது, கம்பியில மட்டும் பிடிக்கணும். முடிச்சதும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நல்லா கழுவி முழுசா காய விடணும். போர்டு மேலதான் செய்யணும்னா இன்புட்டை சுத்தி ஒரு செப்பு வளையம் போட்டு கிரவுண்டோட (சர்க்யூட்டோட பூஜ்ய வோல்ட் புள்ளி) சேக்கணும், இந்த சர்க்யூட்ல இன்புட்டும் கிட்டத்தட்ட கிரவுண்ட் வோல்ட்லதான் நிக்குது, ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் இல்லன்னா கரண்ட் எங்கேருந்து ஓடும், அழுக்கு இருந்தாலும் ஓடாது. எவ்ளோ அழகான யோசனை பாருங்க, இதுக்கு ஒரு பாரா கூட உங்க கட்டுரையில இடம் இல்லாம போச்சேன்னுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம் எல்லாத்தையும் மூடி போட்ட உலோக டப்பாக்குள்ள வெச்சு டப்பாவை கிரவுண்ட் பண்ணணும், இல்லன்னா 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் இரைச்சல் மட்டும்தான் அளப்போம். பெரிய ரெசிஸ்டருக்கு பேரலலா 100 பிகோ ஃபாரட் போட்டா அவுட்புட் அடங்கும், ஆனா டைம் கான்ஸ்டன்ட் (ரீடிங் எவ்ளோ மெதுவா மாறும்ங்குற அளவு) 0.1 செகண்ட் ஆகும், ரீடிங் நிலைக்க அரை செகண்டாவது பொறுக்கணும். கேபிள் ஆடினாலே உள்ள உரசி சார்ஜ் வரும், டேப் போட்டு ஒட்டிடுங்க.

1 கிகா ஓம் ரெசிஸ்டர் கிடைக்கலன்னு நிறைய பேர் விட்டுடுவாங்க. அந்த இடத்துல நல்ல பாலிஸ்டைரீன் கெபாசிட்டர் 100 பிகோ ஃபாரட் மட்டும் போடுங்க, 1 பிகோ ஆம்பியர் வந்தா அவுட்புட் நொடிக்கு 10 மில்லிவோல்ட் நகரும், ஸ்டாப்வாட்ச் வெச்சு கணக்கு போட்டுடலாம். என்னைக் கேட்டா இதுதான் சிறந்த வழி, எவ்ளோ நேரம் பொறுக்குறோமோ அவ்ளோ துல்லியம். ரெசிஸ்டர் போட்டு செஞ்சவங்க சரிபாக்க 100 மெகா ஓம் வழியா 10 மில்லிவோல்ட் குடுக்கணும், அது 100 பிகோ ஆம்பியர். அப்புறம் அந்த 10 மில்லிவோல்டை மட்டும் பூஜ்யமாக்கி, ரெண்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கணும், ஐசியோட ஆஃப்செட் (இன்புட் இல்லாமலே காட்டுற பிழை) கழிஞ்சிடும்.

இதெல்லாம் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு 1898-ஐ சொல்லுங்க. பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் செஞ்ச குவார்ட்ஸ் கருவியை ஒரு எலக்ட்ரோமீட்டரோட (மின் சார்ஜைக் காட்டுற கருவி) சேத்து, கதிர்வீச்சால காத்துல ஓடுற கரண்டை மேரி கியூரி அளந்தாங்க, யுரேனியத்துக்கு சுமார் 24 பிகோ ஆம்பியர், பிட்ச்பிளெண்ட் தாதுவுக்கு 83. யுரேனியம் இருக்குற கல்லு யுரேனியத்தைவிட மூணு மடங்குக்கு மேல காட்டுச்சுன்னா உள்ள வேற ஏதோ இருக்குன்னு பிடிச்சாங்க, அதே வருஷம் பொலோனியமும் ரேடியமும் வந்துச்சு. ஆப்-ஆம்ப் எதுவும் இல்லாத காலத்துல, ஈரமான ஒரு அறையில அளந்தாங்க.

ஒரு எச்சரிக்கையும் சேத்துப் போடுங்க, மீட்டர் வேலை செய்யுதான்னு பாக்க பழைய ஸ்மோக் டிடெக்டரை யாரும் பிரிக்கக் கூடாது, அயனைசேஷன் வகையில அமெரிசியம்-241ங்குற கதிரியக்கப் பொருள் இருக்கும். இருட்டுல வெச்ச ஃபோட்டோ டயோடே போதும்.

அந்தக் கட்டுரை எழுதினவர்கிட்ட சொல்லி காலை மடக்கி அந்தரத்துல சால்டர் பண்ணது எப்படி இருக்கும்னு கிட்டத்துல எடுத்த ஒரு போட்டோவாவது அடுத்த தடவை போடச் சொல்லுங்க, கூடவே இன்புட்ல எதுவும் மாட்டாம டப்பாவை மூடினா எவ்ளோ ரீடிங் வரணும்னும் எழுதச் சொல்லுங்க. செய்யுறவங்க முதல்ல தேடுறது அந்த நம்பரைத்தான்.

இப்படிக்கு,
உங்க அறிவியல் பக்கத்தை விடாம படிக்குற ஒரு வாசகர்