கிராபீனை எந்தப் பக்கமாக வெட்டுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராபீனைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ‘மெல்லிய நாடாவாக நறுக்கினால் கிராபீன் குறைக்கடத்தி ஆகிவிடும்’ என்கிறது. பாதிதான் சரி. எந்தத் திசையில் நறுக்குகிறோம் என்பதுதான் இதில் உயிர்நாடி, அது விட்டுப்போய்விட்டது.

கோத்தகிரிப் பக்கம் மலைத்தேன் அடையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு சட்டெனப் பிடிபடும். அறுகோணங்களின் மூலைக்கு ஒரு கார்பன் அணு, அடுத்த அணுவுக்கு 0.142 நானோமீட்டர் தூரம். வகுப்பில் தாளே போதும். பக்கக்கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி அறுகோண வலை வரைந்து, மூலைகளுக்கு மாற்றி மாற்றிச் சிவப்பும் நீலமும் வையுங்கள். கிடையாக வெட்டினால் ரம்பப் பல் போன்ற ஜிக்ஜாக் விளிம்பு வரும். மேல் விளிம்பின் ஓர அணுக்கள் எல்லாம் சிவப்பென்றால் கீழ் விளிம்பில் எல்லாம் நீலம். செங்குத்தாக வெட்டினால் கைநாற்காலி வடிவ ஆர்ம்சேர் விளிம்பு, சிவப்பும் நீலமும் ஜோடி ஜோடியாக. பிள்ளைகள் தவறுவது ஒரே இடத்தில்தான்: ஒற்றைக் கோட்டில் தொங்கும் புள்ளியை விட்டுவிடுவார்கள். அதையும் நறுக்கிவிட வேண்டும், இல்லையேல் விளிம்பின் வகையே மாறிவிடும்.

இந்த நிறக் கணக்குதான் எலக்ட்ரானின் போக்கைத் தீர்மானிக்கிறது. ஜிக்ஜாக்கில் ஓரமெல்லாம் ஒரே நிறம் என்பதால், ஃபெர்மி ஆற்றலை (எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் மேல் எல்லையை) ஒட்டிய எலக்ட்ரான்கள் விளிம்பிலேயே தேங்கி, உள்ளே போகப் போகத் தேய்கின்றன. ஜப்பானில் ஃபுஜிதா குழுவினர் 1996இல் கணித்தது இது. ஓர் ஓரத்தில் எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் (ஸ்பின்) ஒரே திசையிலும் எதிர் ஓரத்தில் மறுதிசையிலும் நிற்கும் என்பதும் அந்தக் கணிப்பில் உண்டு. ஆர்ம்சேரில் இந்தத் தேக்கம் இல்லை. அங்கே அகலத்தில் எத்தனை அணு வரிசை என்று எண்ண வேண்டும். 7 வரிசை என்றால் ஆற்றல் இடைவெளி, அதாவது குறைக்கடத்தியில் மின்னோட்டத்துக்கு எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல், பெரிது. ஒன்றைக் கூட்டி 8 ஆக்கினால் மிகவும் சுருங்கிவிடும். 3ஆல் வகுத்து மீதி 2 வந்தால் இப்படித்தான்.

ஆக்சிஜன் பிளாஸ்மாவால் அரித்து எடுக்கும் நாடாவில் இந்தத் துல்லியம் கிடைக்காது. 2007இல் அப்படிச் செய்த நாடாக்களில் அகலம் குறையக் குறைய இடைவெளி கூடியது, ஆனால் வெட்டிய திசையால் வித்தியாசமே தெரியவில்லை. ஓரம் பிசிறு பிசிறாக இருந்ததே காரணம். 2010இல்தான் தங்கப் பரப்பில் புரோமின் சேர்ந்த மூலக்கூறுகளை 200 டிகிரி செல்சியஸில் கோத்து, 400இல் இறுக்கி, 7 வரிசை நாடாவைப் பிசிறில்லாமல் வளர்த்தார்கள்.

அடுத்த முறை கிராபீன் படம் போடும்போது அணுக்களை இரு நிறத்தில் அச்சிட்டு, இரண்டு விளிம்புகளையும் அருகருகே காட்டுங்கள். மலையில் எங்கள் பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள்.

இயற்பியல் ஆசிரியர்கள்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்