தேதியை மட்டும் எழுது, மச்சான்

உவர்மலை, திருகோணமலை
ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இதயத்தின் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரண்டு முறை தேதி கொடுத்தும் நீ தள்ளிப்போட்டுவிட்டாய். இதயத்துக்குள்ளேயே ஒரு சின்ன உலோகக் குழாயைப் பொருத்தி அடைப்பைக் கடந்து இரத்தத்தை அனுப்பும் முறை ஒன்று இருக்கிறதாம், அது வரும்வரை பொறுத்துப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. ஊர்ப் புதினம் பிறகு. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

முப்பது வருடம் நீர்ப்பாசனத்தில் வேலை செய்தவன் நான். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் தம்பலகாமத்து வயலுக்கு எப்படி வந்து சேருகிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. எனக்கு இதய வருத்தம் வந்தபோது டொக்டர் சொன்னதை எல்லாம் அந்தக் கணக்கிலேயே விளங்கிக்கொண்டேன்.

வாய்க்கால் தூர்ந்து வயல் காய்கிறது என்று வைத்துக்கொள். ஒன்று, வாய்க்காலிலேயே இறங்கித் தூர்வாரி, கரை சரியாமல் முட்டுக்கொடுக்கலாம். பலூனும், குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற கம்பிவலையும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. 1977-இல் சூரிச் நகரில் குருண்ட்சிக் என்ற டொக்டர் முதன்முதல் பலூனை விட்டு அடைப்பை விரித்தார். 1986-இல் ஸ்டென்ட் வந்தது. இரண்டாவது, அடைப்புக்கு மேலே தண்ணீரை எடுத்து, பக்கத்தால் புது வாய்க்கால் வெட்டி, அடைப்புக்குக் கீழே கொண்டுபோய் விடலாம். அது பைபாஸ். நீ சொல்லும் குழாய் மூன்றாவது வழி. வாய்க்காலையே விட்டுவிட்டு, குளக்கட்டில் துளை போட்டுக் குளத்துத் தண்ணீரை நேரே வயலுக்கு விடுவது.

அந்த யோசனை புதிது அல்ல. 1957-இலேயே இடது இதயவறையிலிருந்து இரத்தத்தை நேரே இதயத் தசைக்குக் கொண்டுபோக ஒரு குழாயை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது திரும்பவும் வந்தது. இதயச் சுவரைக் குறுக்கே துளைத்து, உள்ளே இருக்கும் அறையையும் வெளியே ஓடி இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுருநாடியையும் ஒரு குட்டிக் குழாயால் இணைத்தார்கள். மனிதர்களுக்கு அதைப் பொருத்தியபோதும் நெஞ்சைத் திறந்துதான் பொருத்தினார்கள், மச்சான். கத்தியிலிருந்து தப்பலாம் என்று நீ நினைத்திருந்தால் இதைக் கவனித்துக்கொள்.

அது ஏன் ஊரெங்கும் வரவில்லை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் குளக்கட்டு அசையாது. இதயத்தின் கட்டு நாளுக்கு ஒரு இலட்சம் தடவை இறுகித் தளர்கிறது. இதயம் சுருங்கும்போது உடம்பு முழுவதற்கும் இரத்தம் போகிறது. ஆனால் அந்த இறுக்கத்தில் தன் தசைக்குள் ஓடும் குழாய்களையும் அது நெரித்துவிடுகிறது. ஆகவே இடது பக்கத் தசை தன் பங்கு இரத்தத்தில் பெரும்பகுதியைத் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடும் எங்கள் அம்மாமாரைப் போல. இப்போது அந்தக் குழாயை நினைத்துப் பார். சுருங்கும்போது அறைக்குள் அழுத்தம் 120. இரத்தம் குழாய்வழியே பாய்ந்து வரும். அடுத்த நொடி அறை தளர்ந்து அழுத்தம் பத்துக்கும் கீழே விழும். தசை குடிக்க வேண்டிய அந்த நேரத்தில் வந்த இரத்தமே குழாய்வழியே திரும்பிக் குளத்துக்குள் ஓடும். தடுக்க ஒரு கதவு வைக்கலாம் என்றால், அவ்வளவு சின்னக் கதவில் இரத்தம் உறைந்துவிடும் பயம் இருக்கிறது. ஓயாமல் அசையும் தசைக்கு நடுவே ஓர் உலோகத் துண்டு. அதன் வாயை நாளடைவில் சதை வளர்ந்து மூடவும் கூடும். முயன்றவர்கள் கெட்டிக்காரர்கள், அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இன்றுவரை அது அன்றாட வைத்தியமாக வரவில்லை. அதற்காக நீ காத்திருக்கக் கூடாது.

பைபாஸின் கதையில் உன் ஊரும் இருக்கிறது. மொன்றியலில் றோயல் விக்டோரியா வைத்தியசாலையில் 1950-இல் வைன்பேர்க் என்பவர், நெஞ்சின் உட்சுவரில் ஓடும் நாடியை எடுத்து இதயத் தசைக்குள்ளேயே புதைத்து வைத்தார், நாற்றை ஊன்றுவது போல. பலர் நம்பவில்லை. 1964-இல் லெனின்கிராட்டில் கோலெசொவ் அதே நாடியை முடியுருநாடியோடு சேர்த்துத் தைத்தார். 1967-இல் கிளீவ்லாந்தில் பவலோரோ, காலிலிருந்து எடுத்த நாளத்தை வைத்து அடைப்பைக் கடந்தார். ஆர்ஜென்டினாவில் ஒரு குக்கிராமத்தில் பன்னிரண்டு வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர் அவர். சில மில்லிமீற்றர் அகலக் குழாயில் தலைமயிர் போன்ற நூலால் தைக்கிறார்கள். அந்தக் கைகளை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

உனக்கு நீரிழிவும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நீரிழிவோடு பல குழாய்களில் அடைப்பு உள்ள 1,900 பேரை வைத்துச் செய்த ஃப்ரீடம் என்ற ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஐந்து வருடத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள். பைபாஸ் செய்தவர்களில் 11 பேர். பக்கவாதம் பைபாஸ் பக்கம் கூடுதலாக இருந்தது, நூற்றுக்கு 5. மற்றப் பக்கம் 2. இதை உனக்கு மறைக்க மாட்டேன். உன் டொக்டரிடம் இதைப் பற்றி நேரே கேள். நெஞ்சு நாடியை எடுத்து வைப்பார்களா என்றும் கேள். பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். கால் நாளத்தில் ஏறத்தாழப் பாதிதான் அப்படி நிற்கும்.

என் கதையை நான் உனக்கு முழுதாக எழுதவே இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும் ஏற்றத்தில் இடது தோளும் தாடையும் இழுத்துக்கொண்டு வந்தன. வாய்வு என்று நினைத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஒரு மான் வந்து அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை இழுத்துத் தின்றது. அதை விரட்டக் கையைத் தூக்க முடியவில்லை. அப்போதுதான் பயந்தேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து இஞ்சித் தேநீர் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் படுத்திருந்தேன். அந்த மூன்று மணி நேரத்தில் செத்துப்போன தசை இனித் திரும்பாது என்று பின்னர் சொன்னார்கள். 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தால் அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே இலவசமாக வந்திருக்கும். நீயும் இப்படி மூன்று மணி நேரத்தை, மூன்று மாதத்தைத் தொலைத்துவிடாதே.

கொழும்பில் சத்திரசிகிச்சை செய்தார்கள். கண் விழித்தபோது தொண்டையில் குழாய், பேச முடியாது. தாதி என் உள்ளங்கையில் விரலால் தட்டி "முடிந்துவிட்டது ஐயா" என்றார். நெஞ்சை விடக் கால்தான் நொந்தது, நாளம் எடுத்த இடம். ஒவ்வொரு இருமலுக்கும் தலையணையை மார்போடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் சாதனத்தைத் தந்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்துகூட எழும்பவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு எழும்பின, நான் அழுதுவிட்டேன். இரண்டு மாதம் மனம் சோர்ந்தே கிடந்தது. அது உனக்கும் வரலாம், வந்தால் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல். குளிசைகளை ஒரு நாளும் விடாதே.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அதே ஏற்றத்தில் நிற்காமல் ஏறுகிறேன். நாம் நீந்தப் பழகிய டச் பே கரையில் மாலையில் நடக்கிறேன். உன் தங்கை வீட்டு முற்றத்து மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போன மாதம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். நீயும் நானும் எந்தக் கிணறு அதிகம் சுடும் என்று பந்தயம் கட்டியதைச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து நாளைக்கே தேதி கேள். கிடைத்ததும் எனக்கு எழுது. அன்று காலை முதல் பூசைக்கு நான் கோணேசர் சந்நிதியில் நிற்பேன். உன் நட்சத்திரம் ரேவதி என்றுதான் நினைவு. சரியா என்று அதையும் ஒரு வரி எழுதிவிடு.

உன் அன்பு நண்பன்