விதை மூட்டையைப் பிரித்துவிடு

ரெட்வுட் கவுண்டி, மினசோட்டா
1890 ஜனவரி 12, ஞாயிறு இரவு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நலமா என்று கேட்டுத்தான் போன மூன்று கடிதங்களையும் தொடங்கினேன். செப்டம்பருக்குப் பிறகு உன் கையெழுத்து இந்த வீட்டுக்கு வரவில்லை. பனி அதிகம், தபால் தாமதமாகும் என்று உன் அம்மாவிடம் சொல்லிவருகிறேன். ஆனால் மேற்கேயிருந்து வரும் ரயில் நேற்றுகூட நேரத்துக்கு வந்தது. அதன் ஊதல் சத்தம் அவள் காதிலும் விழுந்தது.

இன்று என்ன தேதி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே ஜனவரி 12 காலையில், குளிர்காலம் போய்விட்டது போல வெயிலடித்தது. ஆட்கள் மேலங்கி இல்லாமல் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் மெல்லிய சட்டையோடு பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு அந்தப் பனிப்புயல். உங்கள் டகோடாவிலும் நெப்ராஸ்காவிலும் இருநூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர்! உன் கடிதம் வரும்வரை உன் அம்மா படுக்கையில் படுக்கவில்லை, நாற்காலியிலேயே இருந்தாள். நான்கு வரி எழுதியிருந்தாய். வழி தவறாமல் பிடித்துப் போகத் தொழுவம்வரை கயிறு கட்டியிருந்ததால் பிழைத்தோம், குதிரைகளும் பிழைத்தன என்று. அந்த நான்கு வரி இன்னும் பைபிளுக்குள் இருக்கிறது. புயலுக்குப் பிறகே எழுதத் தெரிந்தவனுக்கு, வறட்சிக்குப் பிறகு எழுதத் தெரியாமலா போயிற்று?

கயிறு இந்த வருடமும் கட்டியிருக்கிறாய் அல்லவா? பழைய கயிற்றை நம்பாதே. எரிக்க முறுக்கிவைத்த புல்லை அடுப்புக்கு மிக அருகில் அடுக்காதே. விதைக் கோதுமையைத் தரையில் வைக்காதே, உத்தரத்தில் தொங்கவிடு. எலி தொடக்கூடாது, யாரும் தொடக்கூடாது.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நகரங்களில் ரஷ்யக் காய்ச்சல் பரவுகிறதாம். உன் அம்மாவுக்கும் இருமல் இருக்கிறது, பயப்படும்படி இல்லை. உன் அக்காள் வீட்டுக்காரர் கதிரறுத்துத் தானே கட்டும் இயந்திரம் ஒன்றைக் கடனில் வாங்கியிருக்கிறார், எனக்குப் பிடிக்கவில்லை. நெப்ராஸ்காவில் மக்காச்சோளம் அடிமாட்டு விலைக்குப் போய், நிலக்கரியைவிட மலிவு என்று அதையே அடுப்பில் போட்டு எரிக்கிறார்களாம். அதைப் படித்த அன்று எனக்கு உணவு இறங்கவில்லை. அங்கே நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுது. உங்கள் புதிய மாநிலமான தெற்கு டகோடாவின் கவர்னர் மெல்லட் வறட்சி பாதித்த குடும்பங்களுக்காக வெளியூர்களில் உதவி கேட்கிறார் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கவுண்டிக்கு எதுவும் வந்ததா என்று நீ எழுதியிருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு மருமகள் உன் அம்மாவுக்கு எழுதியிருந்தாள். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நல்ல பெண், குறை என்று ஒரு வார்த்தை இல்லை, குழந்தை எழுந்து நிற்கிறான் என்று மட்டும் எழுதியிருந்தாள். நான் கடிதத்தைப் படித்ததைவிட அதன் உறையைத்தான் அதிக நேரம் பார்த்தேன். பழைய உறை ஒன்றைப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி மடித்து, மாவுப் பசையால் ஒட்டியிருக்கிறாள். விளக்குக்கு நேரே பிடித்தபோது உள்ளே என் கையெழுத்துத் தெரிந்தது. நான் உனக்கு அக்டோபரில் அனுப்பிய உறை அது. மை தண்ணீராக இருந்தது. உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 1876-இல் அவள் தன் தங்கைக்கு அப்படித்தான் உறை செய்து அனுப்பினாள்.

சரி, பேரனுக்காக நம் குடும்பக் கதையை எழுதி வை என்று நீ ஒருமுறை கேட்டாய். அதையாவது எழுதுகிறேன்.

என் தாத்தா வெர்மான்ட்டில் கல்லோடு மல்லுக்கட்டியவர். 1816 ஜூன் மாதத்தில் அங்கே பனி விழுந்தது. கோடை முழுவதும் உறைபனி வந்து வந்து பயிரைக் கருக்கியது. மறு வருடம் அவர் ஓஹையோவுக்கு வண்டி பூட்டினார். அங்கேதான் 1831-இல் நான் பிறந்தேன். என் அப்பா 1845-இல் விஸ்கான்சினுக்குப் போனார். கோதுமை மேல் கோதுமை விதைத்து நிலம் களைத்தது, பிறகு பூச்சி வந்தது. உள்நாட்டுப் போரில் என் தம்பி ஷைலோ சண்டையில் போய்ச் சேர்ந்தான். அவன் பங்கையும் விற்றுவிட்டு 1870-இல் நாங்கள் இங்கே வந்தோம். அப்போது உனக்கு எட்டு வயது. எங்கள் வம்சத்தில் ஒருவன்கூடப் பிறந்த நிலத்தில் சாகவில்லை. எல்லோரும் அடுத்த ஊர் நல்ல ஊர் என்று போனவர்கள். நீ 1883-இல் டகோடா கிளம்பியபோது உன் அம்மா அழுதாள், நான் அழவில்லை. என் அப்பாவைப் போலவே நீ வண்டியில் ஏறியதைப் பார்த்து உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த மண்ணை முதலில் உடைத்த நாள் உனக்கு நினைவிருக்கும். மூன்று ஜோடி எருது. புல்வேர் அறுபடும் சத்தம், புதுத் துணியை இழுத்துக் கிழிப்பது போல நாள் முழுவதும் கேட்டது. கொழுவுக்குப் பின்னால் நடந்து வந்து நீ ஒரு கல் அம்புமுனையைப் பொறுக்கிக் கொடுத்தாய். டகோடா பழங்குடி மக்களை இந்த நிலத்திலிருந்து விரட்டி அப்போது எட்டு வருடம்கூட ஆகவில்லை. யாருடையது என்று கேட்டாய். இனி நம்முடையது என்றேன். அன்றைக்கு அது பதில் என்று நினைத்தேன். அந்த அம்புமுனை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

வெட்டுக்கிளி வந்த வருடங்களைப் பேரனுக்கு எப்படிச் சொல்வது? 1873 ஜூனில் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இறங்கியவை பிறகு நம் வயலுக்கும் வந்தன. சூரியன் முன்னே வெள்ளி மேகம் போல. பிறகு ஆலங்கட்டி போலக் கூரைமேல் விழுந்தன. கோதுமைத் தாளைத் தின்றன, வெங்காயத்தை மண்ணுக்குள் குடைந்து தோலை மட்டும் விட்டன, மண்வெட்டிக் காம்பில் வியர்வை உப்பு இருந்த இடத்தைச் சுரண்டின. உன் அம்மா தோட்டத்தின்மேல் விரித்த போர்வையையும் தின்றன. தகரத்தில் தார் பூசி வயலில் நீயும் நானும் இழுத்தோம். தகரம் நிறைந்தது, வயல் குறையவில்லை. முட்டையிட்டுவிட்டுப் போயின, வசந்தத்தில் அந்த முட்டைகள் பொரித்தன. 1877 ஏப்ரல் 26-ஐ கவர்னர் பில்ஸ்பரி பிரார்த்தனை நாளாக அறிவித்தார். அந்தக் கோடையில்தான் அவை எழுந்து போயின. உன் அம்மா பிரார்த்தனையால் என்கிறாள். எனக்கு அதற்கு முந்தைய குளிர்காலத்துக்கும் முந்தைய குளிர்காலம்தான் நினைவில் நிற்கிறது.

இதுவரை எழுதிவிட்டு விளக்குத் திரியை வெட்டினேன். உன் அம்மா தூங்கிவிட்டாள். இதைப் பேரனுக்காக எழுதவில்லை, உனக்காக எழுதுகிறேன்.

1875 நவம்பரில் நிவாரண மாவு வாங்க நீயும் நானும் வண்டியில் போனோம். உனக்குப் பதின்மூன்று வயது. மாவு வேண்டுமென்றால், எனக்கு எந்த வழியும் இல்லை என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும். உன்னைக் குதிரையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். அதில் இரண்டு பேர் விஸ்கான்சினிலிருந்து எங்களோடு வண்டி கட்டி வந்தவர்கள், குனிந்து கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வரும்முன் நான் திரும்பி வந்துவிட்டேன். மாவு எங்கே அப்பா என்று கேட்டாய். நாம் கை நீட்டுகிற வம்சம் இல்லை என்றேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் வேறு சொன்னேன். மாவு தீர்ந்துவிட்டது, எனக்கு முன்னால் நின்றவனோடு தீர்ந்தது என்றேன்.

தீரவில்லை, மகனே. பீப்பாய்கள் சுவர் ஓரம் அடுக்கியிருந்தன. நான் எண்ணினேன், பதினொன்று இருந்தன.

விதைக் கோதுமை ஐந்து மூட்டை உத்தரத்தில் தொங்கியது. விதை இருக்கும்போது வழியில்லை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது, அது பொய்ச்சத்தியம் ஆகாதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதே விதையை அரைக்கலாமா என்று உன் அம்மா ஒருமுறை கேட்டாள், நான் சத்தம் போட்டேன். கோசுக்கிழங்கும் தண்ணீர் விட்ட கூழும் தின்றோம். பிப்ரவரியில் காய்ச்சல் வந்தபோது உன் சின்னத் தங்கைக்கு அதைத் தாங்க உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை. அவள் கட்டில் அந்த மூட்டைகளுக்கு நேர் கீழே இருந்தது. ஏப்ரலில் அந்த ஐந்து மூட்டையையும் விதைத்தேன். நன்றாக முளைத்தது. கோடையில் வெட்டுக்கிளிகள் மறுபடி இறங்கின, ஒரு கதிர்கூட மிஞ்சவில்லை.

காய்ச்சல் கொண்டுபோனது என்று உன் அம்மா பதினான்கு வருடமாகச் சொல்கிறாள். நான் திருத்தியதில்லை. நீயோ அந்த வண்டியில் நான் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். பெரியவனாகி யாரிடமும் எதுவும் கேட்காதவன் என்று பெயர் வாங்கினாய். அதை ஊரில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். செப்டம்பரிலிருந்து நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

மேலே எழுதிய ஒன்றை அடித்துவிடு. விதை மூட்டையைத் தொங்கவிட வேண்டாம். இந்தக் கடிதம் வந்த அன்றே பிரித்து, காபி அரைக்கும் இயந்திரத்தில் அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சு. மார்ச்சில் உனக்கு விதை நான் தருகிறேன், என் களஞ்சியத்தில் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அங்கே யாராவது மாவு கொடுத்தால், தாள் நீட்டினால், குனிந்து கையெழுத்துப் போடு.

அரசு கொடுத்த நிலத்தில் நீ குடியிருக்க வேண்டிய ஐந்து வருடம் வரும் ஜூனில் முடிகிறது, அதற்குள் இங்கே கிளம்பி வந்தால் 160 ஏக்கரும் போய்விடும் என்று நீ பயப்படலாம். போகாது. போன மார்ச்சில் வந்த சட்டத்தின்படி, விளைச்சல் பொய்த்தவன் நில அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒரு வருடம்வரை விடுப்பு வாங்கலாம். அந்த நாட்கள் ஐந்து வருடக் கணக்கில் சேராது, ஆனால் நிலம் உன் பெயரிலேயே இருக்கும். இதை ஒரு வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். குதிரைகளை யாருக்காவது அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் எவ்வளவு என்று மட்டும் சொல். ஏன் என்று கேட்கமாட்டேன்.

உறைக்குள் ஆறு தபால் தலைகளும் இருபது டாலரும் வைத்திருக்கிறேன். ரயிலில் ஒரு பீப்பாய் வருகிறது, கூலி கட்டிவிட்டேன். மேலே மாவு, நடுவில் உப்புப் பன்றிக்கறி. அடியில் உன் அம்மா பின்னிய காலுறைகள் மூன்று ஜோடி, பேரனுடையது சிவப்பு. வெற்று உறைகளும் கொஞ்சம் இருக்கின்றன, அவை நான் வைத்தவை.

நீ பதில் எழுதினால் உன் அம்மாதான் முதலில் பிரிப்பாள். மாவுப் பீப்பாய்களைப் பற்றி அதில் எழுதாதே. அவளிடம் நானே சொல்கிறேன், அவள் இருமல் நின்றதும் சொல்கிறேன்.

அங்கே ஹியூரானில் ரயில் ஏறி, இங்கே டிரேசியில் இறங்குங்கள். என்றைக்கு என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. அடுத்த திங்கள் முதல் ரயில் வரும் நேரத்துக்கெல்லாம் பனிவண்டியோடு அங்கே நிற்கிறேன்.

உன் அப்பா