கேபின் வேறு, தொட்டி வேறு

திருச்செங்கோடு
ஞாயிறு, இரவு 10 மணி

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

இதைத் தாளில் எழுதி, நானே படம் பிடித்து உன் கைப்பேசிக்கு அனுப்புகிறேன். அக்காவிடம் கொடுக்கவில்லை. பிழை திருத்துகிறேன் என்று முழுவதையும் படித்துவிடுவாள்.

நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. ஐந்து வாரம் கழித்து உன்னிடமிருந்து வந்தவை என்பதால் அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். உன் பிக்கப் வண்டியின் படத்துக்குக் கீழே "ரேக் எப்படி இருக்கிறது அப்பா?" என்று ஒற்றை வரி. கையில் கிரீஸ் படாத வேலைதான் வேண்டும் என்று பொறியியல் படித்து மிச்சிகன் வரைக்கும் போனவன், நாற்பதை நெருங்கும்போது அப்பாவிடம் நட்டும் போல்ட்டும் கேட்கிறாய். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

கூரை ரேக் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. கூரையின் இரண்டு ஓரத்திலும் நீளமாக ஓடும் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, அதன் அடியில் கம்பெனியே விட்டிருக்கும் துளைகளில் போல்ட் ஏற்றியிருக்கிறாய். தகட்டில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. என் மகன் என்று அங்கே தெரிகிறது. அந்த ஓரத்துக்கு உள்பக்கம்தான் பக்கவாட்டுக் காற்றுப்பை சுருண்டு கிடக்கும். டிரில்லை அந்தப் பக்கம் காட்டவே கூடாது. ஆனால் துளைகளைச் சுற்றி சிலிக்கான் வைத்தாயா? முன்பக்க வலது காலின் அடியில் மட்டும் பிதுங்கியது தெரிகிறது, மற்றவற்றில் தெரியவில்லை. ஒரு சொட்டு இறங்கினாலும் உள்கூரைத் துணியில் டீக்கறை போல வட்டம் விழும். ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றச் சொல்லி, நீ உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார். ஊற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அங்கே பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள்தானே?

அம்பாசடர் காலத்தில் கூரையைச் சுற்றி மழைநீர் ஓடுகிற விளிம்பு இருந்தது. கேரியரின் கிளாம்ப் அந்த விளிம்பைக் கவ்வும், முறுக்கினால் வேலை முடிந்தது. இப்போதைய வண்டிகளில் அந்த விளிம்பு இல்லை. அதனால் துளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாரம் இறங்க வேண்டும். இங்கே இப்படி எதையாவது மாட்டினால் எஃப்.சி.க்குப் போகும்போது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டுவார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் ஊரில் கேட்பாரில்லை என்கிறாய். கேட்பாரில்லை என்றால் நாமே இன்னும் ஒரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது படம்தான் என் கண்ணை உறுத்தியது. கூரை ரேக்கில் இருந்து, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் ரேக் வரைக்கும் நீளமாக ஓர் அலுமினியச் சட்டத்தைப் போட்டு, இரண்டு முனையிலும் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறாய். அதைக் கழற்று. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே போய்க் கழற்று. கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. தொட்டி தனியாக சேஸிஸில் முறுக்கப்பட்டிருக்கிறது. குழியில் ஒரு சக்கரம் இறங்கினால் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். கேபின் ஒரு பக்கம் சாயும், தொட்டி இன்னொரு பக்கம் சாயும். நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டிருப்பது அழகுக்கு இல்லை. அந்த இடத்தில் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எது மெலிதோ அது கிழியும். உன் வண்டியில் மெலிதானது கூரைத் தகடு. நம் பட்டறையில் வேலைக்கு வரும் பையனுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது. கேபின் வேறு, தொட்டி வேறு. ஒரே சேஸிஸின் மேல்தான் இரண்டும் நிற்கின்றன, இருந்தாலும் அதனதன் ஆட்டத்துக்கு இடம் விட வேண்டும். நீ பட்டறைப் பக்கமே வராததால் உனக்கு இது தெரியாமல் போயிற்று. குற்றமாகச் சொல்லவில்லை.

மூன்றாவது படத்தில், தொட்டியின் இடது மூலையில் பச்சைப் பெட்டி இருக்கிறது. போர்வை போட்டு மூடியிருக்கிறாய். மூலைத் தகட்டில் நான் அடித்த ஆறு ரிவெட்டை வைத்துக் கண்டுகொண்டேன். அதன்மேல் உப்புத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் பார்க்காமல் இருந்திருப்பாள் என்றும் தோன்றவில்லை.

உப்பு என்றதும் நினைவு வருகிறது. டெட்ராய்ட் நகருக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது, பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு அங்கிருந்தும் வருகிறது என்று நீ முதல் வருடம் எழுதியிருந்தாய். அந்த உப்பு உன் ரேக்கைச் சும்மா விடாது. ரேக் அலுமினியம், போல்ட் இரும்பு. நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நைலான் வாஷர் போடு. ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் மரையில் கிரீஸ் போன்ற ஆன்டி-சீஸ் பசை தடவிவிட்டுக் கையால் ஏற்று. மிஷினை வைத்து வேகமாக ஏற்றினால் நட்டு பாதியில் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுக்கத்தான் வேண்டும். தொட்டி பிளாஸ்டிக் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். பிறகுதான் இழை கலந்து வார்த்தது, துருவே பிடிக்காது என்று தெரிந்துகொண்டேன். அப்படியானாலும் ரேக்கின் பாரத்தை அந்தச் சுவரில் இறக்காதே. உள்பக்கம் ஓடுகிற தண்டவாளத்தில் கவ்வ விடு.

இனி எடை. வண்டி மேல் விரித்துப் படுக்கிற கூடாரம் 65 கிலோ என்று எழுதியிருந்தாய். இரண்டு ரேக்கும் சேர்ந்து எப்படியும் 60, 70 கிலோ வரும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். ரேக், கூடாரம், உன் எடை, பெட்டி எல்லாவற்றையும் முதலில் அதிலிருந்து கழி. மிஞ்சுவதுதான் நீ ஏற்றக்கூடிய சரக்கு. ஒரு கிலோ 2.2 பவுண்டு, அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடாதே. ரேக்குக்கு வண்டி ஓடும்போது ஓர் அளவு, நிற்கும்போது ஓர் அளவு என்று இரண்டு கொடுத்திருப்பார்கள். நிற்கும்போது உள்ள அளவு பெரிதாக இருக்கும், அதைப் பார்த்து மயங்கக் கூடாது. காட்டுப் பாதை என்றால் ஓடும்போது உள்ள அளவும் குறையும். கூடாரத்தைக் கூரையில் வைக்காமல் தொட்டி ரேக்கில், கேபின் உயரத்தோடு ஒட்டி வை. பாரம் மேலே ஏற ஏற, வளைவில் வண்டி உன் பேச்சைக் கேட்காது. கேபினின் பின்னால் இருக்கும் பிரேக் விளக்கை அது மறைக்கிறதா என்றும் பார். மொத்த உயரத்தை அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டு.

கூடாரத்தின் அட்டைப்பெட்டியில் இரண்டு பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கிறது. இரண்டு பேர் என்றால் 130, 140 கிலோ. ஒருவர் என்றால் பாதி. எந்தக் கணக்கைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அக்காவின் பெரியவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். பட்டறைக் கூரையின் மேற்குப் பக்கத்து ஷீட்டை மாற்றினேன். அம்மா வெள்ளிக்கிழமை மலைக்குப் படியேறியே போய் வந்தாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. கீழே இருந்து பஸ் போகிறது, கேட்கவில்லை. என்ன வேண்டுதல் என்று நானும் கேட்கவில்லை. அர்த்தநாரீஸ்வரரிடம் அவள் எனக்காக ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை.

கடைசியாக வீடியோவில் பேசிய இரண்டு ஞாயிறுகளிலும் உன் தலைக்குப் பின்னால் வண்டியின் இருக்கைதான் தெரிந்தது. பாப்பா எங்கே என்றதற்குத் தூங்குகிறாள் என்றாய். அப்போது உங்கள் ஊரில் காலை பதினொரு மணி.

போல்ட்டுக்கு வருகிறேன். எல்லாம் புதிதுதானா? ரேக்கோடு வந்தவைதானா, இல்லை உன்னிடம் கிடந்தவற்றைச் சேர்த்துக்கொண்டாயா? உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டைக் கழற்றினால் மறுபடி போடாதே. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கு, இரவல் வாங்காதே. அவர்கள் கொடுத்த தாளில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறதோ அத்தனைதான். 50 மைல் ஓட்டியதும் ஒரு முறை எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிப் பார். பிறகு மாதம் ஒரு முறை. போல்ட் விஷயத்தில் நான் அளவுக்கு மீறிப் பேசுகிறேன் என்று உனக்கு எப்போதும் சலிப்பு. ஏன் என்று உனக்குத் தெரியாது.

1998. நீ நான்காம் வகுப்பு. சின்ன மாமாவின் மெட்டடாருக்குக் கேரியர் கட்டிக் கொடுத்தேன், கொல்லிமலையில் இருந்து வாழைத்தாரும் பலாவும் ஏற்றி வருவதற்கு. எட்டு கிளாம்ப். எட்டுக்கும் புதிய போல்ட் வாங்கினால் அன்றைக்கு நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. மச்சினன் வேலை, கூலி வராது என்ற எரிச்சல் எனக்கு. டப்பாவில் கிடந்த பழைய போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மாட்டினேன். பாதிக்கு மரை தேய்ந்திருந்தது. நட்டு கடைசிச் சுற்றில் வழுக்குவது விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் மாட்டினேன். அம்மா டீ கொண்டுவந்தபோது அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது அதில் ஒரு வளைவில் கேரியர் சரக்கோடு கழன்று விழுந்தது. கிளீனர் பையனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மாமா பட்டறைக்கு வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "என்ன மச்சான் இப்படி ஆகிவிட்டது?" என்றுதான் கேட்டார். நான் அத்தனை ஆட்கள் முன்னால், "அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் கேரியர் என்ன செய்யும்?" என்றேன். பாரம் அதிகம் என்பது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு எளிதாக இருந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மா, "அந்த போல்ட்டுகள் பழையவைதானே" என்றாள். அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டறைக்கு வந்துவிட்டேன். பாதி பாடி கட்டிய லாரி ஒன்று நின்றது, அதில் பலகை போட்டுப் படுத்தேன். ஓர் இரவு என்று நினைத்துப் போனது நான்கு மாதம் ஆயிற்று. அவசர ஆர்டர் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். தினமும் சாயங்காலம் நீ தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாய். ஒரு நாள், "அந்த லாரி போய்விட்டதே அப்பா, இது வேறு ஆர்டரா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

தவறை ஒப்புக்கொண்டு வீடு திரும்பினேன் என்று நினைத்துவிடாதே. ஐப்பசி மழையில் படுக்கை நனைந்தது, எழுந்து வந்தேன். அம்மா பாய் விரித்தாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். மாமா அதன்பிறகு நம் வாசலை மிதிக்கவில்லை. 2011இல் அவருடைய காரியத்துக்குப் போனபோது அவர் மகன் எனக்கு நாற்காலி போட்டான். உட்கார்ந்தேன். அங்கே வைத்துக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன், அதுவும் ரேக் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டதற்கு.

பாப்பாவுக்கு நான்கு வயதுதான் ஆகிறது. தூக்குப்போசி தூக்கிக்கொண்டு வர அவளால் முடியாது.

அந்த நீளச் சட்டத்தைக் கழற்றியதும் படம் எடுத்து அனுப்பு. துளையைச் சும்மா விடாமல் ரப்பர் மூடி போட்டு அடை. சிலிக்கானை மறுபடி பார். 50 மைல் ஓட்டியதும் போல்ட்டுகளை மறுபடி பார், மறக்காதே. இரவு பத்து மணிக்கு மேல் நான் தூங்குவதில்லை, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். வண்டியைப் பற்றிப் பேசுவதற்காக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: பச்சைப் பெட்டியின் பூட்டை உடைத்துவிடாதே. இன்னொரு சாவி என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. தபாலில் அனுப்பிவிடுகிறேன். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று மட்டும் எழுது.