ரெண்டு ரூம் மட்டும் மிச்சம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா, முட்டி வலி எப்படி இருக்கு? இங்க குளிர் விட்டுருச்சு, ஆனாலும் ஸ்வெட்டர் இல்லாம வெளிய போக முடியல. நியூயார்க்ல இந்த புரூக்ளின் வந்து ஒன்பது மாசம் ஆச்சு, சப்வேல எந்தப் பக்கம் ஏறணும்னு இப்பல்லாம் யாரையும் கேக்கறதில்ல. அண்ணன் போன்ல சொன்னான், நம்ம வீட்ட பழைய லுக்குக்கு மாத்தி ஹோம்ஸ்டே விடலாம்னு ஆள் வந்து அளந்துட்டுப் போயிருக்காங்களாம், முன்பக்கம் சிமெண்ட் ஜாலி, மொசைக் எல்லாம் போயிருமாம். அதுக்குத்தான் இந்த லெட்டர், போன்ல பேசினா அழுதுருவேன்.

போன மாசம் புரூக்ளின் மியூசியம் போனேன்ப்பா. பில்டிங்குக்குள்ள ஒரு வீடே நிக்குது. யான் மார்ட்டென்ஸ் ஸ்கெங்க்னு ஹாலந்துலேர்ந்து வந்த ஒருத்தரோட பண்ணை வீடு, 1675 வாக்குல கட்டினது. அப்பவே இந்த ஊரு டச்சுக்காரன் கையிலேர்ந்து இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிருச்சு, ஆனா அவர் கட்டினது சுத்தமா டச்சு முறைல. ரெண்டு தூணு, நடுவுல தடியா ஒரு உத்தரம், பாக்க இங்கிலீஷ் எச் மாதிரி, அப்படி வரிசையா நிறுத்திட்டு மேல செங்குத்தா கூரை. உத்தரத்து முனைய தூணுக்குள்ள விட்டு இறுக்கியிருக்கான், மரத்துல வெட்டுத் தடம் தெரியுது, அத பாத்ததும் நம்ம ஆசாரி மாமா வாச்சியால செதுக்கற சத்தம் காதுல கேட்டுச்சு, அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

மூணு தலைமுறை அந்தக் குடும்பத்துலயே இருந்து 1784ல கை மாறியிருக்கு. அதுக்கப்புறமும் வீடு சும்மா இருக்கல. 1700கள் கடைசியில பக்கவாட்டுல ஒரு சமையல்கட்டு சேந்துச்சு, அடுத்த நூற்றாண்டுல முன்னாடி நாலு தூண் வச்ச தாழ்வாரம், 1900 வாக்குல கூரைய திறந்து மாடி ஜன்னல். டச்சு உடம்புக்கு அமெரிக்க முகம்னு வச்சுக்கோங்களேன். பழைய போட்டோவுல பாத்தா எதுவும் ஒட்டாத மாதிரிதான் இருக்கு, ஆனா எனக்கு அந்த போட்டோதான் புடிச்சுது, ஏன்னா அதுல ஆள் வாழ்ந்தது தெரியுது.

அந்த வீடு முதல்ல நின்ன பக்கம் சதுப்பு நிலத்த மேடாக்கி வீடு வீடா வந்துருச்சு. கடைசியில 1952ல பிரிச்சு கட்டையெல்லாம் எடுத்து வச்சு, 1964ல மியூசியத்துல திரும்ப நிறுத்தினாங்க. ஆனா நிறுத்தினது அந்த முதல் ரெண்டு ரூம் மட்டும்தான்ப்பா. சமையல்கட்டு இல்ல, தாழ்வாரம் இல்ல, மாடி ஜன்னல் இல்ல. ஆதியில எப்படி இருந்துச்சோ அப்படி காட்டணும்னு எல்லாத்தையும் உரிச்சுட்டாங்க. காப்பாத்தினது பெரிய விஷயம், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இந்தப் பக்கத்து டச்சுப் பண்ணைகள்ல உழைச்சதுல நிறைய பேர் கறுப்பின அடிமைகள், நியூயார்க்ல 1827 வரைக்கும் அந்தக் கொடுமை இருந்துச்சு, அந்த மாதிரி சமையல்கட்டுலதான அவங்க நாள் முழுக்க நின்னிருப்பாங்க? அழகா இல்லைன்னு கழிச்ச கட்டோட அவங்க நின்ன தரையும் போயிருது. இத நினைச்சு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

அடுத்த ஞாயித்துக்கிழமை பி41 பஸ் புடிச்சு கிங்ஸ் பிளாசா மால் வரைக்கும் போய் அங்கேர்ந்து நடந்தேன். அந்த வீடு முதல்ல நின்ன இடத்துக்கு மில் பேசின்னு பேரு, முன்னாடி மாவு மில் இருந்த தீவு, அந்த மில்லுலயும் ஸ்கெங்குக்குப் பாதி பங்கு. இப்ப வரிசையா செங்கல் வீடுங்க, கார், கொஞ்சம் தண்ணி வாடை. ஒரு பாட்டி தொட்டிச் செடிக்கு தண்ணி ஊத்திட்டு இருந்தாங்க, பழைய வீடு எங்க இருந்துச்சுன்னு கேட்டேன், எந்த வீடுன்னு திருப்பிக் கேட்டாங்க.

அப்பா, நம்ம ஓட்டு வீடு முப்பாட்டன் கட்டினது சரிதான், ஆனா சிமெண்ட் ஜாலி தாத்தா போட்டது, அப்பாயி மழைச்சாரல் அடிக்குதுன்னு சொல்லி போட்டது. மொசைக் நீங்க மொத சம்பளத்துல போட்டது, அதுல பச்சைச் சில்லு ஒண்ணு மாட்டுக் கண்ணு மாதிரி இருக்குமே, அது மேல உக்காந்துதான நான் வாய்ப்பாடு படிச்சேன். அது எப்படி பழசு இல்லாம போச்சு? ஹோம்ஸ்டே வேணாம்னு சொல்லல, பாத்ரூம் மாத்தட்டும், வயரிங் மாத்தட்டும், நானும் பணம் அனுப்பறேன். முன்பக்கத்த மட்டும் தொட வேணாம்னு அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா சண்டையாயிரும்.

அளந்துட்டுப் போனவங்க எப்ப திரும்ப வர்றாங்கன்னு கேட்டு சொல்லுங்க. அதுக்குள்ள காலை வெயில் ஜாலி வழியா மொசைக்ல விழும்ல, அந்த நேரம் பாத்து அம்மாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க.

உங்க பொண்ணு