பழைய பாங்காக்கில் எங்களை ஒரு நாள் நடக்க விடுங்கள்: தாய்லாந்துச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து தாய்லாந்துக்குக் குழுச் சுற்றுலா நடத்திவரும் ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒருவரிடம் பணம் கட்டி, ‘நான்கு இரவு, ஐந்து பகல்’ என்று அச்சிட்டிருந்த பயணத்தில் நானும் என் மனைவியும் தாய்லாந்து போய்வந்தோம். சென்ற தை மாதத்தில் நாங்கள் இருவரும் குழு ஏதுமின்றி மறுபடியும் பாங்காக் போய், பழைய நகரத்தில் மூன்று நாள் காலாற நடந்தோம். இரண்டு முறையும் ஒரே ஊருக்குத்தான் போனோமா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. அந்த ஐயம்தான் இம்மடலை எழுத வைக்கிறது.

முதல் பயணத்தின் நிரல் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். பட்டாயாவில் இரண்டு இரவு, பவளத்தீவு, இரவுக் காட்சி. பிறகு பேருந்தில் பாங்காக். அங்கே ‘அரைநாள் நகர உலா’ என்ற பெயரில் பொன் புத்தர், பளிங்குக் கோயில், கடைசியாக இரத்தினக் கற்கள் விற்கும் ஒரு மாளிகை. பொன் புத்தருக்குக் கிடைத்தது இருபது நிமிடம். கற்கடைக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். அரண்மனையை, ஓடிக்கொண்டிருந்த பேருந்தின் இடப்பக்கச் சன்னல் வழியாக, “அதோ கிராண்ட் பேலஸ்” என்று குழுத்தலைவர் காட்டினார். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. பொன் புத்தர் பார்க்க வேண்டியவர்தான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஐந்தரை டன் எடையுள்ள அச்சிலையை 1955இல் இடம் மாற்றியபோது மேற்பூச்சு உடைந்து உள்ளிருந்த பொன் வெளிப்பட்ட கதையைக் கேட்க யாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆயினும் ஒரு நகரத்தின் பிறப்பிடத்தையே விட்டுவிட்டு அந்த நகரத்தைக் காட்டிவிட்டதாகக் கணக்குக் காட்டுவது முறையன்று.

அந்தப் பிறப்பிடத்துக்கு ரத்தனகோசின் என்று பெயர். அயுத்தயா 1767இல் பர்மியப் படையிடம் வீழ்ந்தபின், 1782இல் மன்னர் முதலாம் ராமா தலைநகரைச் சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு மாற்றினார். ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கங்களில் வெட்டிய கால்வாய்கள் என்று நிலம் ஒரு தீவாயிற்று. அயுத்தயாவின் இடிபாடுகளிலிருந்து செங்கற்களைப் படகில் கொண்டுவந்து மதில் எழுப்பினார்கள். மோட்டார் வண்டியை யாரும் கனவிலும் காணாத காலத்தில் எழுந்த ஊர் ஆதலால், அங்கே எல்லாமே நடைத் தொலைவில் இருக்கின்றன. அரண்மனைக்குப் பின்புறம் வாட் போ கோயில், அதை அடுத்து மியூசியம் சயாம், ஆற்றின் அக்கரையில் வாட் அருண், வடக்கே சனாம் லுவாங் திடலைத் தாண்டினால் தேசிய அருங்காட்சியகம், கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் வாட் சுதட். இவ்வளவுக்கும் நடுவில் பேருந்தை நிறுத்த இடம் தேடியே உங்கள் ஓட்டுநர்கள் பாதிப் பொழுதைக் கழிக்கிறார்கள். 2019 முதல் சனாம் சாய் என்ற சுரங்க ரயில் நிலையம் வாட் போவுக்கு அருகிலேயே இருக்கிறது; அதன் உள்மண்டபமே அரசவை போல ஒப்பனை செய்யப்பட்டிருப்பதால், இறங்கியதும் பாதிப்பேர் அங்கேயே படம் எடுக்க நின்றுவிடுவார்கள்.

அரண்மனைக்குள் நாங்கள் காலை எட்டரை மணிக்குக் கதவு திறந்தவுடன் நுழைந்தோம். தலைக்கு 500 பாத் கட்டணம் என்பதை நீங்கள் முதல் தடையாகச் சொல்வீர்கள் என்று அறிவேன். ஆனால் அந்தச் சீட்டிலேயே வளாகத்தினுள் இருக்கும் அரசி சிரிகிட் துணி அருங்காட்சியகமும், சாலா சலெர்ம்க்ருங் அரங்கில் நடக்கும் கோன் முகமூடி நாட்டியமும் அடக்கம். அரங்குக்குப் போக இலவச வண்டியும் உண்டு. அரண்மனை வளாகத்துக் கோயிலில் மரகத புத்தரைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தரிசித்தோம். 66 சென்டிமீட்டர் உயரமே உள்ள அச்சிலைக்குக் கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கொன்றாக மூன்று ஆடைகள் உண்டு என்பதும், அரசரே வந்து அவற்றை மாற்றுவார் என்பதும், நம் ஊர்க் கோயில்களில் அலங்காரம் மாற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டாத செய்திகள்.

எங்களை மூன்று மணி நேரம் பிடித்து வைத்தது கருவறை அன்று. அதைச் சுற்றியுள்ள பிரகாரம். பிரகாரச் சுவர் முழுவதும் 178 பகுதிகளாக ராமகியன், அதாவது தாய்லாந்தின் இராமாயணம், ஓவியமாக விரிகிறது. வடக்குச் சுவரில் பேழைக்குள் குழந்தையாகக் கிடைக்கும் சீதையில் தொடங்கி வலமாகவே கதை நகர்கிறது. வலம் வரத் தெரிந்தவனுக்கு வழிகாட்டி வேண்டாம். இராவணன் அங்கே தொசகன், நம் தசகண்டன்; சீதை அவனுக்கே மகள்; அனுமன் பிரம்மச்சாரி அல்லன், போகிற இடமெல்லாம் காதல் செய்கிறவன். என் மனைவிக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் அவளே நின்றுவிட்டாள்: மலையளவு உருவெடுத்த அனுமன், இராமன் உறங்கும் மண்டபத்தைத் தன் வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறான். காவலை மீறி இராமனைத் திருடிப் பாதாளத்துக்குக் கொண்டுபோக வருபவன் பெயர் மையராப். “இது மயில் ராவணன் கதை அல்லவா, எங்கள் ஆச்சி சொல்லுவாளே” என்றாள். வால்மீகியில் இல்லாத, கம்பனிலும் இல்லாத, திண்ணையில் பாட்டிமார் வாய்வழியாக வந்த கதை, பாங்காக் அரண்மனைச் சுவரில் பொன் இழைத்து நிற்கிறது. பேருந்துச் சன்னலில் இது தெரியுமா, சொல்லுங்கள்.

இங்கே உங்கள் பொறுப்பு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். சுற்றுலா வழிகாட்டும் தொழிலைத் தாய்லாந்துச் சட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. உங்களோடு வரும் தமிழ்க் குழுத்தலைவர் அரண்மனையில் நின்று விளக்கவுரை நிகழ்த்த முடியாது. உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியோ ஆங்கிலத்தில் பேசுவார். மயில் ராவணனை நமக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே முதல் நாள் இரவே விடுதியில் அரைமணி நேரம் உட்கார வைத்துக் கதையைச் சொல்லுங்கள், அல்லது எட்டுப் பக்கத்தில் தமிழில் ஒரு சிறு நூல் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். பயணிகளுக்கு நீங்கள் வழங்கும் தொப்பியையும் தோள்பையையும் விட அதற்குச் செலவு குறைவு. முழங்கால் தெரியும் கால்சட்டைக்கும் கையில்லாச் சட்டைக்கும் அங்கே அனுமதியில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், வாசலில் யானை படம் போட்ட கால்சட்டை வாங்க ஓட வேண்டியிராது.

வாட் போவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 46 மீட்டர் நீளமுள்ள பள்ளிகொண்ட புத்தரின் பாதங்களில் முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்களை எல்லோரும் படமெடுக்கிறார்கள். அதன்பின் வெளியே வந்துவிடுவதுதான் வழக்கம். வளாகத்தின் சிறு மண்டபச் சுவர்களில் உடலின் நரம்பு வழிகளை வரைந்து காட்டும் கல்வெட்டுகளும், உடலை வளைத்து ஆசனம் செய்யும் முனிவர் சிலைகளும் உள்ளன. மூன்றாம் ராமா காலத்தில் எழுதப்படிக்கத் தெரிந்த எவரும் கற்றுக்கொள்ளட்டும் என்று மருத்துவத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. “எங்கள் குழுவில் வயதானவர்கள் அதிகம், எப்படி நடப்பார்கள்” என்று கேட்பீர்களானால் அதற்கும் விடை இங்கேயே இருக்கிறது: இக்கோயில் வளாகத்திலேயே மரபுவழி மருத்துவப் பள்ளியின் மசாஜ் கூடம் உள்ளது. மூட்டுவலிக்காரனான நான் அரைமணி நேரம் காலைக் கொடுத்துவிட்டு எழுந்து, தா தியென் துறையில் படகேறி வாட் அருணுக்குப் போனேன். அங்குள்ள செங்குத்துப் படிகளில் மட்டும் நான் ஏறவில்லை. கீழே நின்று பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதே போதுமாயிருந்தது.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக, தமிழ்ப் பயணிகளை அழைத்துவரும் எவரும் தவறவிடக் கூடாத ஓரிடத்தை நீங்கள் அனைவரும் தவறவிடுகிறீர்கள். வாட் சுதட் கோயிலின் எதிரே, நடுச்சாலையில், 21 மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள செந்நிறத் தேக்கு நிலைக்கால்கள் இரண்டு வானளாவ நிற்கின்றன. பெரிய ஊஞ்சல் என்று பெயர். 1935 வரை ஆண்டுதோறும் இதில் ஆட்கள் நின்றபடி ஆடி, உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட காசுப்பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்கள். அவ்விழாவின் பெயர் திரியம்பவாய் – திரிபவாய். வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள்: திருவெம்பாவை, திருப்பாவை. மணிவாசகரும் ஆண்டாளும் பாடிய மார்கழி நோன்பு, சயாம் நாட்டு அரசவையில் ஊஞ்சல் விழாவாக நின்றிருக்கிறது.

ஊஞ்சலிலிருந்து சில நூறு அடி நடந்தால் தேவஸ்தான். 1784இல் முதலாம் ராமா அரசவைப் பிராமணர்களுக்காக எழுப்பிய மூன்று சிறு கோயில்கள்: சிவனுக்கு ஒன்று, பிள்ளையாருக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று. வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, கோபுரம் கிடையாது. பாதையில் போகிறவர் ஏதோ பழைய பள்ளிக்கூடம் என்று கடந்துவிடக் கூடும். இப்பிராமணர்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து, தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் நகர் வழியாக வந்தவர்கள் என்பது மரபு. ஊஞ்சல் நின்றுபோனாலும் கோயிலுக்குள் வழிபாடு நிற்கவில்லை. கயிலையின் கதவைத் திறக்கும் சடங்கில் அவர்கள் இன்றும் ஓதுவது தமிழ்ப் பாடல்கள். கிரந்த எழுத்தில் எழுதி, பொருள் மறந்து, தலைமுறை தலைமுறையாக நாவில் தேய்ந்த தமிழ். நம் காதுக்கே எளிதில் பிடிபடாது. அரசர் முடிசூடும்போதும் வயல் உழும் விழாவின்போதும் முன்நிற்பவர்கள் இவர்களே. சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு உங்களில் சிலர் அழைத்துப் போகிறீர்கள். நல்லது, அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைக்கப் போன நம்மவர் கட்டியது. அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய தொடர்பு இங்கே கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதுதான் என் மனக்குறை.

இனி, நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத தடையைப் பற்றி. கற்கடையிலிருந்து வரும் கழிவுத்தொகைதான் பயணக் கட்டணத்தைக் குறைவாக வைக்க உதவுகிறது என்பது எனக்குத் தெரியாததன்று. அடக்க விலைக்கும் கீழே ஆளைக் கூட்டிவந்து கடையில் ஈடுகட்டும் இம்முறை மீது 2016இல் தாய்லாந்து அரசே கடும் நடவடிக்கை எடுத்தது. அரண்மனை வாசலில் ‘இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்’ என்று சொல்லி ஏமாந்தவரை டுக்டுக்கில் ஏற்றி நகைக்கடையில் கொண்டுபோய் விடும் ஆட்களைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். பணம் கட்டி வந்தவனையும் அதே கடைக்குத்தான் கொண்டுபோகிறீர்கள் என்றால், இரண்டுக்கும் வேறுபாடு குளிரூட்டிய பேருந்து மட்டுமே. வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: கடை உண்டென்றால் இந்தக் கட்டணம், கடை இல்லையென்றால் இவ்வளவு கூடுதல். கூடுதலைக் கொடுக்க ஆள் இருக்கிறது; என் தெருவிலேயே நான்கு குடும்பம் இருக்கிறது.

சாப்பாட்டுக் கவலையும் பெரிதன்று. வாட் சுதட்டிலிருந்து தெற்கே நடந்தால் இந்தியத் துணிக்கடைகள் நிறைந்த பாகுராட் வரும். சைவ உணவு அங்கே உண்டு. மற்ற இடங்களில், மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்திட்ட ‘ஜே’ கொடி தொங்கும் கடைகளில் மீன் சாறு கலவாத உணவு கிடைக்கும். வெயில்தான் உண்மையான இடர். சித்திரையில் இந்த நடை வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் வையுங்கள். பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை தேசிய அருங்காட்சியகத்துக்குள் இருங்கள். துணை அரசர் வாழ்ந்த பழைய முன்னரண்மனையில் அமைந்த அதன் கூடங்களில், தென் தாய்லாந்தில் கிடைத்த நீள்முடித் திருமால் கற்சிலைகளும், பல டன் எடையுள்ள அரச இறுதி ஊர்வலத் தேரும் இருக்கின்றன. திங்களும் செவ்வாயும் அதற்கு விடுமுறை என்பதைப் பயணநாள் குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்; நாங்கள் பார்க்காமல் போய் ஒரு நாளை இழந்தோம்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். வரும் பருவத்துக்கான நிரலை அச்சுக்குக் கொடுக்கும் முன், பாங்காக்கில் ஒரு முழு நாளைப் பேருந்தில்லாத நாளாக ஒதுக்குங்கள். காலையில் அரண்மனை, மாலையில் ஊஞ்சலும் தேவஸ்தானும். இடையில் எதை வைப்பது என்பதைக் குழுவின் கால்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். திரியம்பவாய் வழிபாடு நம் மார்கழி, தை மாதங்களை ஒட்டியே வருகிறது. அந்நாட்களில் ஒரு குழுவையாவது கிளப்புங்கள். கோயில் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டிக் கேட்டறிந்து, உள்ளே போனதும் கைப்பேசிகளை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு கால்மணி நேரம் பேசாமல் உட்கார வையுங்கள். அப்படியொரு நிரல் வெளிவந்தால் முதல் இரண்டு இருக்கைகளுக்கு முன்பணம் கட்ட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணி ஒருவன்,
மதுரை.