ரயில் நிலையம் அருகே உயரும் அடுக்ககங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

புறநகர் ரயில் நிலையங்களை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கூடுதல் தளங்களை அனுமதிக்கும்போது அங்கு வசிப்போர் தெரிவிக்கும் கவலையை, வளர்ச்சிக்கு எதிரான மனநிலை என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல. நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டருக்குள், நடந்தே போகக்கூடிய தொலைவில் மக்கள் குடியிருந்தால் வாகனப் பயன்பாடு குறையும் என்ற அடிப்படையை நானும் ஏற்கிறேன். ஆனால், மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைக் குறிக்கும் தளப் பரப்புக் குறியீட்டை 2-லிருந்து 4 ஆக உயர்த்தும்போது அதே மனையில் கட்டக்கூடிய பரப்பு இரு மடங்காகிறது. தெருவின் அகலமும், மண்ணுக்கடியில் உள்ள கழிவுநீர்க் குழாயின் விட்டமும் பழையபடியே இருக்கின்றன. தனி வீடுகளுக்காகப் பதித்த குழாயில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கழிவுநீர் சேர்ந்தால், அது பெரும்பாலும் பொங்கி வழிவது புதிய கட்டடத்தில் அல்ல, தாழ்வான பழைய வீட்டு வாசலில்தான். இருபுறமும் வாகனங்கள் நிற்கும் குறுகிய தெருவில் தீயணைப்பு வண்டி திரும்ப முடியுமா என்பதையும் வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது.

நிலையம் வரை ஒழுங்கான நடைபாதை இல்லையெனில், பக்கத்தில் குடிவந்தவரும் இருசக்கர வாகனத்தைத்தான் எடுப்பார். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, ரயிலையே நம்பி வாழும் வாடகைதாரர்கள் வாடகை ஏற்றத்தால் நிலையத்தை விட்டுத் தொலைவுக்குத் தள்ளப்படுவதுதான். எனவே, குடிநீர், கழிவுநீர், சாலைக் கொள்ளளவு குறித்த ஆய்வறிக்கையை முன்கூட்டியே வெளியிட்டு, வேலைக்குச் செல்வோரும் பங்கேற்கும்படி விடுமுறை நாளில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்திய பிறகே அனுமதி வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
புறநகர்வாசி ஒருவர்